வெளிநாட்டிலிருந்து கோவைக்குத் திரும்பும் குடும்பங்கள் ஹைஸ்கூல் பிள்ளைக்கு இன்டர்நேஷனல் பள்ளி தேடும்போது அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினொரு வருஷம் துபாயில் இருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியபோது மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. சொந்த ஊர் காங்கேயம் பக்கம், வீடு இப்போது சரவணம்பட்டியில். அதற்கப்புறம் சொந்தத்திலோ என் வீட்டுக்காரர் ஆபீஸிலோ யார் வெளிநாட்டிலிருந்து மூட்டை கட்டினாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது, "அக்கா, எந்த ஸ்கூல்ல சேர்த்துனீங்க?" என்று. ஒரே பதிலை வாய்ஸ் மெசேஜில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் டீச்சரும் இல்லை, ஏஜெண்டும் இல்லை. மகள் விஷயத்தில் ஒரு தப்புப் பண்ணி, மகன் விஷயத்தில் அதைத் திருத்திக்கொண்ட ஒரு அம்மா. பிள்ளை ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

கோவையில் நல்ல இன்டர்நேஷனல் பள்ளி எது?

இதற்கு நான் நேராகப் பதில் சொல்வதே இல்லை. பிள்ளை பதினெட்டு வயதில் எங்கே படிக்கப்போகிறது என்று திருப்பிக் கேட்பேன். கனடா, ஜெர்மனி, சிங்கப்பூர் என்றால் ஒரு வழி. கோவையிலோ சென்னையிலோ இன்ஜினியரிங் என்றால் வேறு வழி. டாக்டர் என்றால் அது தனிக் கதை, கீழே எழுதியிருக்கிறேன். "அவளுக்கே தெரியாது அக்கா, பதிமூணு வயசுதான் ஆகுது" என்பார்கள். அவளுக்குத் தெரியாதுதான், ஆனால் பெற்றோருக்குத் தங்கள் கையிருப்பாவது தெரியுமே? வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்ப வசதியும் மனசும் இருக்கிறதா, இல்லை காலேஜ் இங்கேதானா என்று கணவனும் மனைவியும் ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து பேசிவிட்டால் பட்டியலில் இருக்கும் பள்ளிகளில் பாதி தானாகக் கழன்றுவிடும். நாங்கள் அதைப் பேசாமலேயே நாலு பள்ளியின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயரிலேயே 'இன்டர்நேஷனல்' என்று இருக்கிறதே, போதாதா?

போதாது. அவிநாசி சாலையிலிருந்து பொள்ளாச்சி வரை 'இன்டர்நேஷனல்' பலகை மாட்டிய பள்ளிகளில் பல சுத்தமான சிபிஎஸ்இ பள்ளிகள். அது குறை என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம், ஐபி என்கிற இன்டர்நேஷனல் பக்கலோரியா, நம் சிபிஎஸ்இ மூன்றுமே தங்கள் இணையதளத்தில் பள்ளிகளைத் தேட வசதி வைத்திருக்கின்றன. பள்ளிப் பெயரைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. ஐபியில் இன்னொரு நுணுக்கம் உண்டு: 'காண்டிடேட் பள்ளி' என்றால் விண்ணப்பித்திருக்கிறார்கள், அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். டிப்ளமோ வகுப்பை, அதாவது ஐபியில் பதினொன்று, பன்னிரண்டை, அங்கீகாரம் வராமல் தொடங்கவே முடியாது. "அடுத்த வருஷம் வந்துடுங்க" என்று வரவேற்பறையில் சொல்வதை நம்பி பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

ஐஜிசிஎஸ்இ, ஐபி, சிபிஎஸ்இ: என்னதான் வித்தியாசம்?

ஐஜிசிஎஸ்இ என்பது 1988-இல் கேம்பிரிட்ஜ் கொண்டுவந்த தேர்வு. ஒன்பதும் பத்தும் சேர்த்து இரண்டு வருஷப் படிப்பு, பாடத்துக்குப் பாடம் தனித் தேர்வு, மதிப்பெண்ணுக்குப் பதில் ஏ ஸ்டார் முதல் ஜி வரை கிரேடு. இதே பெயரில் பியர்சன் எடெக்ஸெல் நடத்தும் தேர்வும் உண்டு, எந்தப் பள்ளி எதை வைத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேலே பதினொன்று, பன்னிரண்டுக்கு ஏஎஸ், ஏ லெவல். பிடித்த மூன்று நான்கு பாடத்தை மட்டும் ஆழமாகப் படிக்கலாம்.

ஐபி 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. ஆறு முதல் பத்து வரை மிடில் இயர்ஸ், கடைசி இரண்டு வருஷம் டிப்ளமோ. டிப்ளமோவில் ஆறு பாடம், அதில் வழக்கமாக மூன்று உயர்நிலை. கூடவே 4,000 சொற்கள் வரை ஒரு ஆய்வுக் கட்டுரை, அறிவைப் பற்றியே யோசிக்கவைக்கும் ஒரு பாடம், புள்ளி இல்லாவிட்டாலும் கட்டாயமான சமூகப் பணி, விளையாட்டு எல்லாம் உண்டு. மொத்தம் 45 புள்ளி. வேலை அதிகம், அதுவும் வருஷம் முழுக்கப் பரவிக் கிடக்கும் வேலை. கடைசி மாதம் முட்டிப் படித்துப் பாஸாகும் பிள்ளைக்கு ஐபி ஒத்துவராது, என் மகன் அந்த ரகம்தான்.

சிபிஎஸ்இ உங்களுக்குத் தெரிந்ததுதான். வளைகுடாவில் ஏற்கெனவே சிபிஎஸ்இயில் படிக்கும் பிள்ளைக்கு இங்கே அதே புத்தகம், அதே ஏப்ரல்–மார்ச் கணக்கு. மாற்றத்திலேயே வலி குறைந்த மாற்றம் இதுதான். இதை மட்டமாக நினைத்து, "ஊருக்கு வந்ததும் வந்தோம், இன்டர்நேஷனல்ல போடலாம்" என்று எட்டு வருஷம் சிபிஎஸ்இ படித்த பிள்ளையைத் தூக்கி வேறு பாட்டையில் விடுபவர்களைப் பார்க்கிறேன். எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

எந்த வகுப்பில் திரும்பி வருவது நல்லது?

உங்கள் கையில் முடிவு இருந்தால் எட்டு முடித்து ஒன்பதில் இறங்குங்கள், இல்லை பத்து முடித்துப் பதினொன்றில். நடுவில் இறங்கினால் எந்தப் போர்டாக இருந்தாலும் சிரமம். சிபிஎஸ்இயில் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடக்கிறது, பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகப் போய்ச் சேர நிபந்தனைகள் அதிகம். ஐஜிசிஎஸ்இயோ இரண்டு வருஷப் பாடம், பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும். நீங்கள் வந்த பள்ளியும் அதே கேம்பிரிட்ஜ் பாடக்குறியீட்டை நடத்தியிருந்தால் தப்பலாம், இல்லையென்றால் பிள்ளை ஒரு வருஷம் பின்னால் சேர வேண்டிவரும். ஒரு வருஷம் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஆனால் பதினான்கு வயதில் அதைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பது பெரிய பாடு.

பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பினால் ஏதாவது இழப்பு உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரிவதே இல்லை. என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு 'டாசா' என்று தனி இடங்கள் இருக்கின்றன. அதிலேயே வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு என்று ஓர் உட்பிரிவு, அதில் கட்டணமும் குறைவு. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளை அதற்குத் தகுதி பெற பதினொன்றும் பன்னிரண்டும் வெளிநாட்டில்தான் படித்திருக்க வேண்டும். பத்து முடித்ததும் ஊருக்கு வந்துவிட்டால் அந்தக் கதவு சாத்திவிடும். மஸ்கட்டில் இருக்கும் என் பெரியம்மா மகன் இதைக் கேட்டதும் பயணத்தையே இரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டான். குடும்பத்தை அங்கே வைத்திருக்கும் செலவையும் அந்த சீட்டின் மதிப்பையும் நீங்களே தராசில் வைத்துப் பாருங்கள், எல்லோருக்கும் ஒரே விடை வராது. விதிகள் வருஷா வருஷம் மாறும், அந்தந்த வருஷத்து அறிவிப்பை எடுத்துப் படியுங்கள்.

அங்கே கல்வியாண்டு வேறு, இங்கே வேறு. எப்படிப் பொருத்துவது?

சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஆஸ்திரேலியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அமெரிக்காவில் ஆகஸ்ட் வாக்கில் தொடக்கம், துபாயின் பிரிட்டிஷ் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். இங்கே சிபிஎஸ்இ ஏப்ரல் அல்லது ஜூன், கேம்பிரிட்ஜ், ஐபி பள்ளிகள் பெரும்பாலும் ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள். அதனால் சிங்கப்பூரில் செகண்டரி இரண்டை நவம்பரில் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஜூன் வரை அரை வருஷம் காலியாகக் கிடக்கும். பதறிப்போய் டிசம்பரில் எட்டாம் வகுப்பின் கடைசி மூன்று மாதத்தில் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள் என்பேன். அந்த ஆறு மாதத்தில் தமிழ், கணக்கு, அப்புச்சி வீட்டுத் தோப்பு என்று பிள்ளை ஊரோடு பழகட்டும். பள்ளியோடு பேசி சீட்டை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மகள் டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். ஐபியில் போடலாமா?

இந்தியாவில் எம்பிபிஎஸ் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் தேறியிருக்க வேண்டும். ஐபி டிப்ளமோவின் வழக்கமான கட்டமைப்பில் இரண்டு மொழி, ஒரு சமூகவியல், ஒரு கணிதம் என்று போக, மூன்று அறிவியலுக்கு இடம் இருக்காது. சிறப்பு அனுமதி வாங்கிச் செய்யலாம், ஆனால் அதைச் செய்து பழக்கப்பட்ட பள்ளியா என்று கேளுங்கள், "பாத்துக்கலாங்க" என்ற பதிலை நம்பி உட்காராதீர்கள். அப்படியே செய்தாலும் நீட்டின் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியவை. ஐபியில் 4,000 சொல் கட்டுரையும் எழுதிக்கொண்டு, சாயங்காலம் நீட் கோச்சிங்கும் போகும் பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐஜிசிஎஸ்இ பத்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டு பதினொன்றில் சிபிஎஸ்இக்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறுவது கோவையில் நிறையப் பேர் செய்வதுதான். முதல் மூன்று மாதம் திணறுவார்கள், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம், பிள்ளைக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும் இருந்தால் கவனமாகப் படியுங்கள். 2021 மார்ச் 4-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியாக ஓசிஐ அட்டைக்காரர்கள் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும்தான் போட்டியிட முடியும். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ அட்டை வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே அட்டையில் இருக்கும் தேதிதான் உங்கள் பிள்ளையின் கட்டணத்தையே தீர்மானிக்கப்போகிறது. பள்ளி தேடும் முன் பீரோவைத் திறந்து அந்த அட்டையைப் பாருங்கள்.

இன்ஜினியரிங் என்றால்?

தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கணக்குப் போடுகிறார்கள். ஐபி, ஏ லெவல் படித்த பிள்ளைக்கு இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, கிரேடை மதிப்பெண்ணாக மாற்றுவதும் சமநிலைச் சான்றும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம், அதாவது ஏஐயூ, என்னென்ன பாடம் என்ன கிரேடில் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று விதி வைத்திருக்கிறது. பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைப் பாருங்கள், தேர்வு எழுதிய பின் பார்த்துப் பயனில்லை. இரண்டு, தேதி. சிபிஎஸ்இ முடிவு மே மாதம் வந்துவிடும். ஐபி முடிவு ஜூலை முதல் வாரம். ஏ லெவலின் மே–ஜூன் தேர்வு முடிவு ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் இங்கே பல கல்லூரிகளில் சேர்க்கை ஓடிக்கொண்டிருக்கும். ஐஜிசிஎஸ்இயில் இந்தத் தொல்லை குறைவு, இந்தியப் பள்ளிகளுக்கு மார்ச் தேர்வு இருக்கிறது, முடிவு மே மாதம் வந்துவிடும். உங்கள் பள்ளி எந்த மாதத் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறது என்று கேளுங்கள்.

ஐபியில் கணிதமே இரண்டு வகை, பகுப்பாய்வு ஒன்று, பயன்பாடு ஒன்று. இன்ஜினியரிங் எண்ணம் துளி இருந்தாலும் பகுப்பாய்வை எடுக்கட்டும், முடிந்தால் உயர்நிலையில். பயன்பாட்டுக் கணிதம் சுலபம் என்று எடுத்துவிட்டு விண்ணப்பிக்கும்போது கல்லூரி வேண்டாம் என்று சொன்னால் திரும்பிப் போக வழியில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

எங்கள் ஊரில் மாடு பிடிக்கப் போனால் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் விலை பேசமாட்டார்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பள்ளிக்குப் போனால் மட்டும் நமக்கு அந்தப் புத்தி மறந்துவிடுகிறது. கண்ணாடிக் கட்டடம், குதிரை, ரோபோ எல்லாம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்.

அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு எழுதவைக்கிறீர்களா, இல்லை செய்முறைக்குப் பதிலான எழுத்துத் தேர்வா? கேம்பிரிட்ஜில் ஐந்தாம் தாள் என்றால் பிள்ளை ஆய்வகத்தில் நின்று கையால் செய்யும் தேர்வு, ஆறாம் தாள் என்றால் அதைத் தாளில் எழுதுவது. ஆறாம் தாளும் ஒழுங்கான தேர்வுதான், ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் ஆய்வகம் புழக்கத்தில் இருக்கிறதா, காட்சிக்கு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மூன்று அறிவியலும் தனித்தனியாக உண்டா, இல்லை சேர்த்து ஒரே பாடமா? சேர்த்துப் படித்தால் மேலே போகும்போது சில வாசல் குறுகும்.

அடுத்தது என் தப்பு. மகள் சேர்ந்த மூன்றாம் நாளே கணக்கில் ஒரு தேர்வு வைத்தார்கள். விமானக் களைப்பு, புது ஊர், பிள்ளை சுமாராக எழுதினாள். "கோர்ல போட்டிருக்கோம் மேடம், ஃபவுண்டேஷன் ஸ்ட்ராங்கா வரும்" என்றார்கள். நல்ல வார்த்தையாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஐஜிசிஎஸ்இ கணக்கில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இரண்டு நிலை, கோரில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது என்பது எனக்கு இரண்டாம் பருவத்தில்தான் தெரிந்தது, அதுவும் இன்னொரு அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியில் போய்க் கேட்டால், "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார்கள், கோபம் வந்தது, ஆனால் அது நிஜம்தான். அப்புறம் ஐந்து மாதம் சனிக்கிழமை சனிக்கிழமை தனி வகுப்பு வைத்து எக்ஸ்டெண்டடுக்கு மாற்றினோம். மகனைச் சேர்க்கும்போது ஊரிலிருந்து வந்து பத்து நாள் கழித்துத்தான் தேர்வு என்று முதலிலேயே பேசிவிட்டேன்.

இதெல்லாம் போக, போன இரண்டு வருஷத்தில் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள், குறிப்பாகப் பதினொன்று, பன்னிரண்டுக்கு எடுப்பவர்கள். கோவையில் ஐபி உயர்நிலை இயற்பியல் எடுக்கும் ஆள் நடுவருஷத்தில் போய்விட்டால் மாற்று ஆள் சட்டென்று கிடைக்கமாட்டார். டியூஷனும் அப்படித்தான், சிபிஎஸ்இக்குத் தெருவுக்கு ஒன்று இருக்கும், ஐபிக்கு ஆன்லைனில்தான் பெரும்பாலும் தேட வேண்டும். கடைசியாக, மதிய உணவு நேரத்தில் போய்ப் பாருங்கள். புதுப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும்.

கட்டணம்?

விளம்பரத்தில் இருப்பது பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை, பஸ், சாப்பாடு, சீருடை, டூர் எல்லாம் தனி. கேம்பிரிட்ஜிலும் ஐபியிலும் தேர்வுக் கட்டணம் தனி, கேம்பிரிட்ஜில் பாடத்துக்குப் பாடம் ஏறும். ஐபிக்கு வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்று வாங்க வேண்டும், அது நல்ல போன் விலைக்கு வரும். வைப்புத்தொகை எப்போது, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய வரி முறையில் இருந்தால் இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்தை வரிக் கழிவாகக் காட்டலாம், மொத்த வரம்பு 1.5 லட்சம்தான், பஸ் கட்டணமெல்லாம் சேராது. புது முறையில் அதுவும் கிடையாது. துபாயில் கம்பெனி பள்ளிக் கட்டணம் கொடுத்த பழக்கத்தில் இருப்பவர்கள் முதல் வருஷச் செலவைப் பார்த்துத்தான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று உணர்கிறார்கள்.

பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கட்டாயமா?

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. 2015–16 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி சிபிஎஸ்இ போன்ற பிற வாரியப் பள்ளிகளுக்கும் படிப்படியாக விரிந்தது. நடுவில் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். பரீட்சைக்குத் தேவையில்லை என்றாலும் படிக்கவையுங்கள் என்பது என் கட்சி. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே அடிப்படையிலிருந்து சான்றிதழ்ப் படிப்புகள் வைத்திருக்கிறது, கிளம்புவதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கலாம். என் மகளுக்கு எழுத்து வந்தது அதிலல்ல, அம்மிச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளைப் படிக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில்.

ஊட்டி, கொடைக்கானலில் ஹாஸ்டலில் போடலாமா?

பழைய பள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858-லிருந்து, ஊட்டி ஹெப்ரான் 1899-லிருந்து. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளிதான் இந்தியாவில் முதன்முதலில், 1976-இல், ஐபி அங்கீகாரம் பெற்றது. கோவைக்குப் பக்கத்திலேயே சிறுவாணி சாலையில் சின்மயா இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் பள்ளியில் சிபிஎஸ்இயும் ஐபி டிப்ளமோவும் உண்டு. ஆனால் பெற்றோர் ஊருக்குத் திரும்பும் அதே வருஷம் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவது எனக்கு ஒப்பவில்லை. வீடு, நாடு, நண்பர்கள் எல்லாம் போன கையோடு அப்பா அம்மாவும் வாரக் கடைசி விருந்தாளியாக ஆகிவிடுவார்கள். அப்பா இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலையில் இருக்கப்போகிறார், அம்மாவும் கூடவே என்றால் அது வேறு, அப்போது ஹாஸ்டல் நியாயமான வழிதான்.

வீட்டை முதலில் பார்ப்பதா, பள்ளியை முதலில் பார்ப்பதா?

பள்ளி. நம்மூரில் நல்ல பள்ளிகள் பல நகரத்துக்கு வெளியே நிலம் கிடைத்த இடத்தில் இருக்கின்றன. வடவள்ளியில் வீட்டை வாங்கிவிட்டுச் சூலூர்ப் பக்கம் பள்ளி பார்த்தால் பிள்ளை காலை ஆறே காலுக்குப் பஸ் ஏறும். பஸ் எங்கே கிளம்பி எங்கெல்லாம் சுற்றுகிறது என்று பாருங்கள், தூரத்தைவிட உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்பதுதான் முக்கியம். திருப்பூர், ஈரோட்டில் தொழில் இருப்பவர்கள் பள்ளிக்காகவே கோவையில் குடும்பத்தை வைத்துவிட்டுத் தினம் போய்வருகிறார்கள். மேனேஜர் என்றால் சரி, சொந்தப் பனியன் கம்பெனி என்றால் மனுஷன் ராத்திரி பத்துக்குத்தான் வீடு வருவார்.

என்னென்ன காகிதம் வேண்டும்?

இரண்டு வருஷ ரிப்போர்ட் கார்டு, டிசி, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட். வளைகுடாவிலிருந்து வந்தால் டிசியில் அந்த ஊர்க் கல்வித் துறையின் கையொப்பமும் நம் தூதரக முத்திரையும் வாங்கிவிட்டே விமானம் ஏறுங்கள், இங்கே வந்தபின் அதற்கு ஆள் பிடிப்பது நாய் படாத பாடு. அமெரிக்கப் பள்ளிகளுக்கு டிசி என்றாலே என்னவென்று தெரியாது. பள்ளித் தாளில், இன்ன தேதி வரை இன்ன வகுப்பில் படித்தாள், பாக்கி ஒன்றுமில்லை என்று ஒரு கடிதமும், மதிப்பெண் பட்டியலும் வாங்கி, அந்த ஊர் மாநில அரசிடம் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாகப் போடும் அத்தாட்சி) போட்டு எடுத்து வாருங்கள்.

எங்கள் மில்லுக்கு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் குடும்பத்தோடு வருகிறார். அவருக்கு?

அவர்கள் கணக்கு வேறு, திரும்பிப் போகும்போது பிள்ளை அங்கே எந்த வகுப்பில் உட்காரும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஐபியோ கேம்பிரிட்ஜோதான் பொருந்தும். ஜெர்மனியில் ஐபி டிப்ளமோவை ஏற்கிறார்கள், ஆனால் எந்தெந்தப் பாடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு விசா, பதிவு வேலை உண்டு, வெளிநாட்டு மாணவர் சேர்ந்த விவரத்தைப் பள்ளியும் இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்து பழகிய அலுவலகம் உள்ள பள்ளி என்றால் பாதி வேலை மிச்சம். ஓசிஐ பிள்ளைகளுக்கு விசா, பதிவுத் தொந்தரவு இல்லை.

பிள்ளை ஒட்டாமல் போனால்?

முதல் ஆறு மாதம் ஒட்டாது. அங்கே லேப்டாப்பில் தட்டிப் பழகிய கை, இங்கே சிபிஎஸ்இயில் மூன்று மணி நேரம் 80 மதிப்பெண்ணுக்குக் கையால் எழுத வேண்டும், பாதியிலேயே விரல் வலிக்கிறது என்பார்கள். கணக்குக்குக் கால்குலேட்டர் கிடையாது. அங்கே டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இங்கே எழுந்து நின்று 'சார்', 'மிஸ்' சொல்ல வேண்டும். வாயில் வரும் ஆங்கிலத்தைப் பார்த்து 'பாரின் பார்ட்டி' என்று பட்டப்பெயர் விழும், என் மகளுக்கு விழுந்தது. கிளம்பும் முன்பே தினமும் அரைமணி நேரம் பேனாவால் எழுதவைத்தது மகன் விஷயத்தில் கைகொடுத்தது. ஆறு மாதம் தாண்டியும் காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று தினம் சொன்னால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் பள்ளி கவுன்சிலரிடம் பேசுங்கள். கவுன்சிலர் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா என்பதைச் சேர்க்கும்போதே பார்த்துவிடுங்கள். கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் எல்லா வாரியத்திலும் உண்டு, ஆனால் மருத்துவ அறிக்கையோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

எப்போது விசாரிக்க ஆரம்பிப்பது?

ஜூனில் சேர வேண்டும் என்றால் முந்தைய வருஷம் ஆகஸ்டில். முதலில் இணையத்தில் அங்கீகாரம் பாருங்கள், அப்புறம் மின்னஞ்சலில் பாடப் பட்டியல் கேளுங்கள், எந்தப் பாடம் போன வருஷம் உண்மையில் நடந்தது என்று சேர்த்துக் கேளுங்கள். பட்டியலில் இருபது இருக்கும், ஆள் சேராததால் எட்டுதான் ஓடும். பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அந்த லீவில் இரண்டு நாள் எடுத்து மூன்று பள்ளிக்கு நேரில் போங்கள், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளாகப் பார்த்து. பிள்ளையையும் கூட்டிப் போங்கள், கூடவே வரும் மாமா, சித்தப்பாவை வண்டியிலேயே உட்காரவைத்துவிடுங்கள்.